வாகை சூடிய பருவம்: 2018-19 ஐ-லீக் கால்பந்தும் நம் கடல்துறைகளும்

வாகை என்றவுடன் போர்வெற்றியை மட்டுமே எண்ணுவது பள்ளிப் பாடநூல்கள் நமக்குப் பழக்கிவிட்ட வழக்கம். தொல்காப்பியப் புறத்திணையியலோ பாலைக்குப் புறனாக வாகையை வைத்து, அவரவர் தத்தமக்குரிய ஆற்றலில் பிறரினும் மேம்பட்டு விளங்குதலை அத்திணையின் பொருளாகக் கொள்கிறது. வாள்வெற்றி அதன் ஒரு கூறு, அவ்வளவே. அறிவோர்க்கும் வாகை உண்டு, உழைப்போர்க்கும் வாகை உண்டு. எனவே ஆடுகளத்து வெற்றியையும் வாகையுள் அடக்குதல் இலக்கணத்திற்கு மாறாகாது.

அவ்வாறு அடக்கத்தக்க வெற்றி ஒன்று அண்மைக் காலத்தில் நிகழ்ந்தது. 2019ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் மாலை, கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில், சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் இந்தியா முழுமைக்குமான ஐ-லீக் தொடரின் வெற்றிக் கோப்பைக்கு உரியதாயிற்று. தேசிய அளவிலான லீக் போட்டி நம் நாட்டில் தொடங்கி அதுவரை இருபத்து மூன்று பருவங்கள் நடந்திருந்தன. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு கழகம் முதலிடம் பெற்றது அந்த ஒரு பருவத்தில் மட்டுமே. நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் அது செய்தியாயிற்று. மறுநாள் பழஞ்செய்தியும் ஆயிற்று. அதைப் பாட்டாகவோ கதையாகவோ ஆக்க நம் எழுத்துலகம் முற்படவில்லை. நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அப்பருவத்தின் வரலாற்றை எழுதி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கவிஞர் அவையில் கால்பந்துக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. இதில் நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

லீக் என்பது யாது?

கால்பந்தில் கோப்பைப் போட்டி வேறு, லீக் போட்டி வேறு. கோப்பைப் போட்டியில் ஒருமுறை தோற்ற அணி வெளியேறிவிடும். அதிர்ச்சியும் அதிர்ஷ்டமும் அங்கே ஆட்சி செய்யும். லீக் அப்படியன்று. ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியுடனும் இருமுறை ஆட வேண்டும். ஒருமுறை தன் ஊரில், ஒருமுறை எதிரணியின் ஊரில். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் நீளும் அக்கணக்கின் முடிவில் மிகுதியான புள்ளி பெற்ற அணியே வாகை சூடும். கோப்பைப் போட்டியைத் தனிப்பாடல் என்றால் லீக்கைக் காப்பியம் எனலாம். ஒரு நல்ல செய்யுளால் காப்பியம் நிற்பதில்லை; ஒரு தளர்ந்த செய்யுளால் வீழ்வதும் இல்லை.

இந்தியாவில் கால்பந்து நூறாண்டு கடந்தது எனினும், நாடு தழுவிய லீக் தோன்றியது மிகப் பிந்தித்தான். தேசியக் கால்பந்து லீக் என்னும் பெயரில் 1996 இறுதியில் அது தொடங்கிற்று. முதற்பருவத்தில் வென்றது பஞ்சாபின் பக்வாரா நகரைச் சேர்ந்த ஜே.சி.டி. ஆலை அணி. பதினொரு பருவங்களுக்குப் பின் 2007இல் அது ஐ-லீக் எனப் பெயர் மாறிற்று. இவ்விரு பெயர்களிலும் வென்ற அணிகளின் ஊர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்தியக் கால்பந்தின் நிலப்படம் தெளிவாகும். கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும், கோவாவின் சல்கோகர், டெம்போ, சர்ச்சில் பிரதர்சு ஆகியனவும், மும்பையின் மகிந்திரா யுனைடெட்டும், பின்னர் பெங்களூரும், 2016-17இல் மிசோரத்தின் ஐசாலும், 2017-18இல் பஞ்சாபின் மினர்வாவும் அப்பட்டியலில் உள்ளன. தெற்கே பெங்களூருக்குக் கீழே அப்படம் வெறுமையாகவே கிடந்தது.

ஆள் நம்முடையது, அணி அயலாருடையது

வெறுமை என்றேன், ஆனால் தமிழர்க்குப் பந்தாடத் தெரியாது என்பதன்று பொருள். 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் சைமன் சுந்தரராசுடையது. அவர் தமிழ்நாட்டுக்காரர். அதற்குப் பின் ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லையாதலால், ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோல் ஒரு தமிழரின் காலிலிருந்து பிறந்ததாகவே இன்றுவரை நிற்கிறது. தேசிய லீக்கின் இரண்டாம் பருவமான 1997-98இல் மிகுதியான கோல்களை அடித்தவர் ராமன் விஜயன். அவரும் தமிழ்நாட்டவரே, ஆனால் ஆடியது கொச்சி அணிக்கு. சென்னையின் இந்தியன் வங்கி அணி சில பருவங்கள் தேசிய லீக்கில் இடம்பெற்றது. வங்கி வேலை தரும் பாதுகாப்பை நம்பிப் பல இளைஞர்கள் அவ்வணியில் ஆடினர். எனினும் பட்டத்தை எட்டும் வலிமை அதற்கு வாய்க்கவில்லை. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையிலும் தமிழ்நாட்டு ஆடவர் அணி ஒருமுறையும் வென்றதில்லை.

ஆக, நெடுங்காலம் நம் நிலை ‘ஆள் நம்முடையது, அணி அயலாருடையது’ என்பதாகவே இருந்தது. 2018-19இல் நிகழ்ந்தது இதன் மறுதலை என்பதைப் பின்னர்க் காண்போம்.

எட்டாம் இடத்து அணி

சென்னை சிட்டியின் வேர் 1946இல் தோன்றிய நேதாசி விளையாட்டுக் கழகம். சென்னை மாவட்ட லீக்கில் ஆடிவந்த அக்கழகம் உரிமையும் பெயரும் மாறி, 2016-17 பருவத்தில் நேரடி நுழைவாக ஐ-லீக்கில் இடம்பெற்றது. முதற்பருவத்தில் பத்து அணிகளுள் எட்டாம் இடம். அடுத்த பருவத்தில் தன் இருப்பிடத்தைச் சென்னையிலிருந்து கோவைக்கு மாற்றிக்கொண்டது. அப்பொழுதும் எட்டாம் இடமே. 2018 பிப்ரவரியில் ஈஸ்ட் பெங்காலிடம் 7-1 என்னும் கணக்கில் தோற்றது. அக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எட்டாம் இடத்தில் கிடந்த இவ்விரு பருவங்களில்தான் நம் மாவட்டத்தின் பெயர் இவ்வரலாற்றுள் நுழைகிறது. அவ்வணியின் நடுக்களத்தில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர்.

இங்குச் சற்று நின்று செல்ல வேண்டியுள்ளது. நாஞ்சில் நாடு என்று நாம் உரிமையோடு சொல்வது தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களின் வயலையும் குளத்தையும் ஆற்றுக்காலையும்தான். நம் வட்டத்துக் கவிஞர்கள் பாடியவற்றுள் பெரும்பகுதி மருதம். கவிமணி நம் மருமக்கள் வழியைப் பாடியதும் அம்மருதத்தின் வீட்டுத் திண்ணையில் இருந்துதான். பழைய விளவங்கோடு வட்டத்தின் மேற்குக் கடற்கரை, மாவட்டத்தின் எல்லைக்குள் இருந்தும் நம் பாட்டின் எல்லைக்குள் வரவில்லை. தேங்காய்ப்பட்டணத்தைத் தோப்பில் முகமது மீரான் எழுதினார். அங்கிருந்து குழித்துறையாற்றின் முகத்துவாரத்தைக் கடந்தால் இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என எட்டு ஊர்கள் கேரள எல்லைவரை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. மூன்று தவிர மற்ற எல்லாப் பெயரும் ‘துறை’ என்றே முடிவது காண்க. திணைக்கும் துறை உண்டு, கடலுக்கும் துறை உண்டு. நாம் முன்னதை மட்டுமே கற்றோம்.

இவ்வூர்களின் ஆடவர் ஆழ்கடல் மீன்பிடிப்பில், சிறப்பாகச் சுறா வேட்டையில், பெயர் பெற்றவர்கள். விசைப்படகில் புறப்பட்டால் கரை திரும்ப வாரங்கள் ஆகும். கரையில் இருக்கும் நாளில் அவர்களது ஆட்டம் பந்து. பங்குக் கோயிலை அடுத்த மணல்திடல்தான் ஆடுகளம். அவர்கள் வாய்மொழியில் அது ‘பந்துகளி’. ‘கால்பந்து’ என்பது நம் பாடநூல் சொல். ஈழத்தமிழர் ‘உதைபந்தாட்டம்’ என்பர். நம் மேற்குக் கடற்கரையோ திருவிதாங்கூர்க் காலத்து நாவோடு ‘களி’ என்றே சொல்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆட்டப்பித்து மட்டும் எல்லைக்கோட்டுக்கு அப்பால் உள்ள பொழியூர், பூவாற்றுக் கரையோடு இன்னும் ஒன்றாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நெய்தல் திணை நடத்திவிட்டு, உங்கள் ஊர் நெய்தலை ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்றேன். இரங்கலும் தாழையும் புன்னையும் வரும் என்று எதிர்பார்த்தேன். அக்கரையிலிருந்து வந்த மாணவன் ஒருவன், பந்து கடலுக்குள் போனால் அடித்தவன்தான் நீந்தி எடுத்துவர வேண்டும் என்னும் விதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். காற்றடிக்கும் மாதங்களில் ஆகவே யாரும் பந்தை உயரத் தூக்கி அடிப்பதில்லை, தரையோடு தரையாகவே கடத்துவர் என்றும் சேர்த்திருந்தான். நான் படித்த நெய்தல் உரைகளுள் அது ஒரு நல்ல உரை.

சென்னை சிட்டியின் இரண்டாம் பருவம் நடந்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2017-18 ஐ-லீக் தொடங்கியது நவம்பர் 25. ஐந்தே நாளில், நவம்பர் 30ஆம் நாள், ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கிற்று. ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை உரிய காலத்தில் எட்டவில்லை. மிகப் பெரிய இழப்பைச் சுமந்தவை தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை முதலிய இக்கரை ஊர்களே. கடலுக்குப் போனவர் திரும்புவரா என்று ஊரே கரையில் காத்துக் கிடந்த அக்குளிர்காலத்தில், அவ்வூரின் இளைஞர் ஒருவர் நாட்டின் பல மூலைகளில் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார். எட்டாம் இடம் என்னும் கணக்கு இதையெல்லாம் சொல்லாது.

பருவம் முடிந்ததும் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் அணிக்கு மாறிச் சென்றார். 2019இல் இந்திய அணிக்கு ஆடினார். 2019-20இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இருந்து இந்தியன் சூப்பர் லீக் பட்டத்திலும் பங்கு கொண்டார். அவர் விட்டுச் சென்ற அணிதான் அவர் போன அடுத்த பருவத்தில் வாகை சூடியது. வரலாற்றின் இத்தகைய குறும்பைக் கதையில் எழுதினால் செயற்கை என்போம்.

அந்த இருபது ஆட்டங்கள்

2018-19 ஐ-லீக்கில் 11 அணிகள். அணிக்கு 20 ஆட்டம் வீதம் மொத்தம் 110 ஆட்டங்கள். தொடரின் முதல் ஆட்டமே 2018 அக்டோபர் 26ஆம் நாள் கோவையில் நடந்தது. சென்னை சிட்டி, இளையோரைக் கொண்ட இந்தியன் ஆரோசு அணியை 4-1 என வென்றது. அவற்றுள் மூன்று கோல் பெட்ரோ மான்சியுடையவை.

யார் இந்த மான்சி? உருகுவேயில் பிறந்து, ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர். முப்பதை எட்டிய வயதில் கோவைக்கு வந்தார். அவரோடு நெஸ்டர் கோர்டில்லோ, சாந்த்ரோ ரோத்ரிகெஸ், ராபர்ட்டோ எஸ்லாவா எனும் ஸ்பானியர்களும் வந்தனர். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூரைச் சேர்ந்தவர். பந்தை நெட்டுக்கு உதைத்து அதன் பின்னே ஓடுவதே வழக்கமாயிருந்த ஐ-லீக்கில், தரையோடு குறுகிய தொலைவுக்குக் கடத்தி, எதிரணியைத் தன்பால் இழுத்து, இடம் திறந்தபின் முன்னேறும் ஆட்டத்தை அவர் கற்பித்தார். (அம்மாணவன் எழுதிய கடற்கரை விதி எனக்கு இங்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.) 2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கை வாங்கிற்று.

பெயர் சென்னை, திடல் கோவை, ஆசான் சிங்கப்பூர், கோலடிப்பவர் உருகுவேயில் பிறந்த ஸ்பானியர், முதலில் ஒரு பங்கு சுவிட்சர்லாந்து. கணியன் பூங்குன்றனார் கண்டால் மகிழ்ந்திருப்பார் போலும். ஆனால் நம்மைப் போன்றோர்க்கு ஐயம் எழுவது இயல்பே: இது எவருடைய வெற்றி? முன்பு ஆள் நம்முடையது, அணி அயலாருடையது; இப்பொழுது அணி நம்முடையது, ஆள் அயலாரோ?

அப்படி முழுதாகச் சொல்லிவிட முடியாது. எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் முதலிய தமிழ்நாட்டு இளைஞர்கள் அவ்வணியில் ஆடினர். கோலடித்தவர் பெயர் செய்தியாகும்; பந்தைப் பறித்துக் கொடுத்தவர் பெயர் ஆவதில்லை. அப்பருவத்திற்குப் பின் வான்ஸ்பாலைச் சென்னையின் எஃப்.சி.யும், ரொமாரியோவைக் கோவாவும், அஜித்குமாரைப் பெங்களூரும் தத்தம் அணிக்கு அழைத்துக்கொண்டன. அயலவர் மட்டுமே வென்ற பருவமாயின் அவ்வழைப்புகள் வந்திரா. மேலும், சேரனைப் பாடியவர் அனைவரும் சேரநாட்டில் பிறந்தவரல்லர். ஆயினும் அப்பாட்டுகளைச் சேரர் வரலாறு என்றே கொள்கிறோம். எந்த மண்ணில், எந்த மக்கள் முன் ஆற்றல் வெளிப்பட்டதோ அந்த மண்ணுக்கும் அதில் உரிமை உண்டு என்பது என் துணிபு. மாறுபடுவோர் மாறுபடலாம்.

பருவத்தின் இடைப்பகுதியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சென்னை சிட்டி தொடக்கத்திலேயே பட்டியலின் மேலே ஏறிற்று. ஏறியதிலிருந்து இறங்காமலிருக்கப் போராடிற்று. முதன்மையான ஆட்டங்கள் இரண்டு. ஏழு கோல் வாங்கிய அதே ஈஸ்ட் பெங்காலை நவம்பரில் கொல்கத்தாவில் 2-1 எனவும், 2019 சனவரியில் கோவையில் மீண்டும் 2-1 எனவும் வென்றது. அவ்விரு வெற்றிகளின் பொருள் இறுதிநாளில்தான் முழுமையாகப் புலப்பட்டது.

அப்பருவத்தின் மற்றொரு சிறப்பு காசுமீரம். பள்ளத்தாக்கிலிருந்து நாட்டின் முதன்மை லீக்குக்கு வந்த முதல் அணியான ரியல் காஷ்மீர், ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ராபர்ட்சனின் பயிற்சியில் மூன்றாம் இடம் பெற்றது. 2019 பிப்ரவரி 14இல் புல்வாமாத் தாக்குதல் நிகழ்ந்தபின் மினர்வா அணி சிறிநகர் செல்ல மறுத்தது. ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டம் தில்லிக்கு மாற்றப்பட்டது. நாட்டின் காயம் புள்ளிப்பட்டியலிலும் பதிந்த பருவம் இது. தொலைக்காட்சியோ, தொடரின் நடுவிலேயே பல ஆட்டங்களை ஒளிபரப்பாது கைவிட்டது. பார்ப்பார் குறைந்த அரங்கில் நடந்த நாடகம் என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

மார்ச்சு 9

பட்டத்தை முன்னதாகவே உறுதி செய்துகொள்ளும் வாய்ப்பு சென்னை சிட்டிக்கு இருந்தது. கோவாவில் சர்ச்சில் பிரதர்சிடம் தோற்று அதனை நழுவவிட்டது. ஆகவே இறுதிநாள் காலையில் கணக்கு இவ்வாறு நின்றது: சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. அன்று மாலை ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள். கோவையில் சென்னை சிட்டியும், அதுவரை பட்டம் வைத்திருந்த மினர்வா பஞ்சாபும். கோழிக்கோட்டில் கோகுலம் கேரளமும் ஈஸ்ட் பெங்காலும். சென்னை சிட்டி வென்றால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. சமன் செய்து, ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும்.

ஈஸ்ட் பெங்கால் 1920இல் தோன்றிய கழகம். தேசிய லீக்கைக் கடைசியாக வென்றது 2003-04இல். நூற்றாண்டு விழா வாசலில் நின்ற நேரத்தில் பதினைந்தாண்டு ஏக்கம் தீரும் என்று அதன் அன்பர்கள் காத்திருந்தனர். வங்காளத்தில் கால்பந்து வெறும் ஆட்டமன்று. 1911இல் மோகன் பகான் வெறுங்கால்களோடு ஆடி ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை வென்ற செய்தியை அம்மொழியார் ஒரு விடுதலைக் காப்பியமாகவே பேணி வருகின்றனர். நாம் அவ்வாறு பேணுவதற்கு ஒன்று கிடைத்த நாள் அந்த மார்ச்சு 9.

தொடக்க நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்தது. இடைவேளைவரை அதுவே கணக்கு. கோவை அரங்கில் இருந்தோர்க்கு அந்த நாற்பது நிமிடம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைக் கவிஞர்கள் எண்ணிக்கொள்ளட்டும். இடைவேளைக்குப் பின் மான்சி பெனால்ட்டி உதையில் சமன் செய்தார். அது அவருடைய 21ஆவது கோல். டிரினிடாட்டைச் சேர்ந்த வில்லிஸ் பிளாசாவுடன் தொடரின் முதன்மைக் கோலாளர் என்னும் பெருமையை அவர் பகிர்ந்துகொண்டார். ஆனால் சமன் போதாது.

அடுத்த கோலை அடித்தவர் மான்சியும் அல்லர், கோர்டில்லோவும் அல்லர். கௌரவ் போரா என்னும் இளம் தற்காப்பு ஆட்டக்காரர். காவல் நிற்க வேண்டியவர் முன்னேறி வந்து அடித்தார். கோழிக்கோட்டிலோ கோகுலம் முதலில் கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் இறுதிக் கட்டத்தில் இரண்டு கோல் திருப்பி அடித்து 2-1 என முந்தியது. இப்பொழுது இரு நகரங்களிலும் கணக்கு 2-1. கோவையில் மினர்வா ஒரே ஒரு கோல் அடித்தால் சென்னை சிட்டிக்கு 41, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரு பருவத்தின் நான்கரை மாதமும் ஒரு பந்தின் மீது வந்து நின்றது. கூடுதல் நேரத்தில் மீண்டும் போராவே கோல் அடித்தார். 3-1. இறுதிப் புள்ளி: சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42.

13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி என்பது சென்னை சிட்டியின் கணக்கு. ஈஸ்ட் பெங்காலும் 13 ஆட்டங்களில் வென்றிருந்தது. சமன் 3, தோல்வி 4. ஒரே ஒரு சமனே இடைவெளி. நவம்பரிலும் சனவரியிலும் நேருக்கு நேர் பெற்ற அந்த ஆறு புள்ளிகளுள் எதை எடுத்துவிட்டாலும் இக்கட்டுரைக்கு இடமில்லை.

ஒரு பெண்ணாக இங்கு இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அதே 2019ஆம் ஆண்டு மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியாட்டத்தில் மதுரையின் சேது கழகம் மணிப்பூர்க் காவல்துறை அணியை 3-1 என வென்றது. ஒரே பருவத்தில் ஆடவர் ஐ-லீக்கும் மகளிர் லீக்கும் தமிழ்நாட்டுக்கு வந்தன. அதற்கு முந்தைய ஆண்டே தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றிருந்தது. 2023இல் மீண்டும் பெற்றது. சந்தோஷ் கோப்பையில் ஆடவர்க்கு வாய்க்காதது அவர்களுக்கு இருமுறை வாய்த்திருக்கிறது. நம் பழைய இலக்கியத்தில் பந்து மகளிர்க்கே உரியது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையின் கந்துகவரி அவர்கள் பந்தாடும்போது பாடிய வரிப்பாட்டு. கையால் ஆடிய பந்து அது. கைப்பந்துக்கு வரி பாடிய தமிழ், கால்பந்துக்கு வாயடைத்து நிற்பானேன் என்று கேட்கத் தோன்றுகிறது.

விவேகானந்தர் நம் குமரிமுனையில் 1892இல் வந்து நின்றதை நாம் விழாவெடுத்துக் கொண்டாடுகிறோம். 1897இல் அவர் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவொன்றில், கீதை படிப்பதைக் காட்டிலும் கால்பந்தால் வானுலகை அணுகலாம் என்னும் கருத்தை இளைஞர்களிடம் கூறினார். பாறையை வணங்குவோர் இப்பகுதியை எடுத்துரைப்பது அரிது.

கடைசிப் பட்டம்

அவ்வெற்றி ‘முதல்’ மட்டுமன்று, ஒருவகையில் ‘கடைசி’யும் ஆகும். 2014இல் பெரும் பொருட்செலவில் தோன்றிய இந்தியன் சூப்பர் லீக், 2017 முதல் ஐ-லீக்கோடு இணையாக நடந்துவந்தது. ஆயினும் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச்சுற்றுக்குச் செல்லும் உரிமை அதுவரை ஐ-லீக் வெற்றியாளர்க்கே இருந்தது. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு புதிய திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. சூப்பர் லீக் நாட்டின் முதன்மை லீக் ஆயிற்று, ஐ-லீக் அதற்குக் கீழே வைக்கப்பட்டது. ஆகவே அவ்வுரிமையோடு ஐ-லீக்கை வென்ற கடைசி அணி சென்னை சிட்டி. அதே பருவத்தில் சூப்பர் லீக்கில் ஆடிய சென்னையின் எஃப்.சி., முந்தைய ஆண்டு பட்டம் வென்றிருந்தும், பத்து அணிகளுள் பத்தாவதாக முடிந்தது. சென்னையின் பெயர் ஒரு பட்டியலின் தலையிலும் மற்றொரு பட்டியலின் காலிலும் இருந்த விந்தை அது.

2019 சூப்பர் கோப்பையை ஐ-லீக் அணிகள் பல புறக்கணித்தன. சென்னை சிட்டி ஆடச் சென்றது; சூப்பர் லீக் வெற்றியாளரான பெங்களூரை 2-1 என வென்று அரையிறுதிவரை போனது. எந்த லீக் பெரிது என்ற வாதத்திற்கு ஆடுகளத்தில் கிடைத்த மறுமொழி அது. ஆனால் முடிவெடுப்போர் மேசையில் அதற்கு மதிப்பில்லை. 2020 சனவரியில் பக்ரைன் சென்று ரிஃபா அணியிடம் 1-0 எனத் தோற்று ஆசியச் சாம்பியன்ஸ் லீக் கனவு முடிந்தது. மார்ச்சில் அகமதாபாத்தில் மாலத்தீவின் மாசியா அணியோடு ஆசியக் கோப்பை ஆட்டம் 2-2 எனச் சமனாயிற்று. கோவையில் அன்று ஆட்டமில்லை. அதன்பின் பெருந்தொற்று வந்து எல்லாத் திடல்களையும் பூட்டியது. மான்சி அதற்கு முன்பே சப்பானுக்குப் போய்விட்டிருந்தார். 2021-22 ஐ-லீக்கில் ஆடிய பதின்மூன்று அணிகளின் பெயர்ப்பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. மூன்றே ஆண்டு.

அரசர் அழிந்தும் பாட்டு நின்றதால் அரசு நின்றது நம் மரபு. பாரியின் பறம்பு போயிற்று. கபிலர் பாட்டில் இருக்கிறது. இங்கு அணியும் போயிற்று, பாட்டும் இல்லை.

நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணிகளைத் திட்டமிடும் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். இரையுமன்துறை தொடங்கி நீரோடிவரை ஊர்தோறும் பந்தாட்டக் கழகங்கள் உள்ளன. அவை எவ்வாண்டு தோன்றின, யார் பெயரில் கோப்பை நடத்தின, எவரெவர் ஆடினர் என்பன பங்குக் கோயில் விழா அழைப்பிதழ்களிலும், கோப்பைகளின் அடியில் பொறித்த எழுத்துகளிலும், முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. உப்புக் காற்றில் பித்தளை எழுத்து விரைவில் மங்கும். ஆடி மாதத்தின் முற்பகுதியில், மேற்குக் கடலில் மீன்பிடித் தடை நடப்பிலிருக்கும்போது, படகுகள் கரையில் நிற்கும். ஆட்களும் ஊரில் இருப்பர். அப்பொழுது நம் கவிஞர்கள் இருவர் மூவராகச் சென்று எழுதிக்கொண்டு வரலாம். உடன் வர நான் அணியமாக இருக்கிறேன்.